எடை நின்றுவிட்டதா? கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள், கணக்கோடு

76.4. ஏழு வாரமாக எங்கள் வீட்டு எடை மிஷின் காட்டிய எண் இதுதான். ஒரு நாள் 76.1, மறுநாள் 76.8, திரும்பவும் 76.4. அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் 84-லிருந்து அங்கே இறங்கி வந்திருந்தேன். எடை நின்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ராத்திரி இரண்டு சப்பாத்தி ஒன்றானது. காலையில் நாலு இட்லி மூன்றாகி, அப்புறம் இரண்டானது. மாலை காபியில் சர்க்கரை போனது. பிறகு காபியே போனது. மிஷின் மட்டும் அசையவில்லை.

கடைசியில் எடை மறுபடி இறங்கத் தொடங்கியது, சாப்பாட்டைக் கூட்டிய பிறகுதான். இதைச் சொன்னால் பாதிப் பேர் கதை விடுகிறேன் என்கிறார்கள். மீதிப் பேர் அன்று ராத்திரியே பரோட்டாக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கூட்டிச் சாப்பிடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சாப்பாட்டை நினைத்தாலே பயமும் குற்ற உணர்ச்சியும் வருகிற நிலைக்கு ஒரு தடவையாவது போனவர்கள் இதைத் தானாகச் செய்து பார்க்க வேண்டாம். டயட் ஆரம்பித்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, முதலில் மருத்துவரைப் பாருங்கள். களைப்பு, முடி கொட்டுவது, எப்போதும் குளிர்வது எல்லாம் சேர்ந்து இருந்தால் தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

படி 1: நின்றது நிஜமா என்று பாருங்கள்

ஒரு வாரம் எடை இறங்கவில்லை என்றால் அது தேக்கம் இல்லை. பத்து நாள் என்றாலும் இல்லை. உடம்பில் தண்ணீர் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும், இறங்கும். நேற்று ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் கூடப் போயிருந்தால் இன்று காலை மிஷின் காட்டிக்கொடுக்கும். புதிதாகப் பளு தூக்க ஆரம்பித்தால் முதல் சில வாரம் தசையில் நீர் பிடிக்கும். பெண்களில் பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் எடை கூடும். அவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடக் கூடாது. போன மாதச் சுழற்சியின் இதே நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

தினமும் காலையில் கழிவறை போய் வந்த பிறகு, ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு முன், எடை பாருங்கள். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுங்கள். அந்தச் சராசரிதான் அந்த வாரத்து எடை. கூடவே வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் டேப் சுற்றி இடுப்பளவும் எழுதி வையுங்கள். நாலு வாரமாகச் சராசரியும் அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால் அதுதான் தேக்கம். டேப் குறைந்துகொண்டிருக்கிறது, எடை மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கொழுப்பு போய்க்கொண்டுதான் இருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம்.

படி 2: பத்து நாள் அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். தாண்டிக் குதித்தவர்களுக்குத்தான் கூட்டிச் சாப்பிட்டு எடை கூடுகிறது.

என் கதையைக் கேட்டதும் அக்கா போன் செய்தாள். "ஏன்டா, நானும் ஆயிரத்து இருநூறு கலோரிதான் சாப்பிடறேன். எனக்கும்தான் மூணு மாசமா நிக்குது. நானும் உன்னை மாதிரி கூடச் சாப்பிட்டா இறங்குமா?" அக்காவுக்கு வயது 54, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "எல்லாம் மனசுல கணக்கு இருக்கு" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிச்சன் தராசோடு அவள் வீட்டுக்குப் போனேன். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரணத் தராசுதான். காலையில் தோசை. கல் காய்வதற்கு முன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கரண்டியோடு சேர்த்துத் தராசில் வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். அக்கா எப்போதும் போல ஓரத்தில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சொட்டு, திருப்பிப் போட்ட பிறகு 'மொறுமொறுன்னு வரணும்' என்று இன்னொரு சொட்டு விட்டு மூன்று தோசை சுட்டாள். கிண்ணத்தை மறுபடி வைத்தேன். 20 கிராம் குறைந்திருந்தது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி, ஆக 180. அவள் மனக்கணக்கில் அது ஒரு டீஸ்பூன், அதாவது 45. ஒரு வேளையிலேயே 135 காணாமல் போயிருந்தது.

அப்புறம் காபி. காலைக் காபிதான் அவள் கணக்கில் இருந்தது. பதினோரு மணிக் காபியும் நாலு மணிக் காபியும் "அது சின்ன டம்ளர்தானே" என்று விடுபட்டுப் போயிருந்தன. பால், சர்க்கரை சேர்த்து ஒன்று 70 என்று வைத்தாலும் 140. டிவி பார்க்கும்போது ஒரு கை வறுத்த வேர்க்கடலை: 25 கிராம், சுமார் 140. மூன்றையும் கூட்டினால் 415. அவள் சொன்ன 1,200-உடன் சேர்த்தால் 1,615. அவள் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எடை நிற்காமல் என்ன செய்யும்?

அக்கா பொய் சொல்லவில்லை. 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. '1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை' என்று சொன்னவர்களை எடுத்து, அவர்கள் நிஜமாகச் செலவழித்த ஆற்றலை அளந்தார்கள். தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். மெட்டபாலிசத்தில் கோளாறு எதுவும் இல்லை. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு இது. மனக்கணக்கு யாருக்குமே சரியாக வருவதில்லை.

அதனால் பத்து நாள், அதில் ஒரு சனி ஞாயிறாவது வரும்படி, எல்லாவற்றையும் எடை போட்டு எழுதுங்கள். அரிசியைச் சமைப்பதற்கு முன் எடை போட்டால் அப்படியே எழுதுங்கள், சோறாக எடை போட்டால் சோறு என்று எழுதுங்கள். இரண்டையும் குழப்பினால் கணக்கு மூன்று மடங்கு தப்பும். சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி, பச்சரிசியோ புழுங்கலோ வேகாத நிலையில் 350 வாக்கில். தாளிக்கும் எண்ணெய், சட்னிக்கு அரைத்த தேங்காய், குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, பால் பாக்கெட்டின் நிறம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆவினில் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நாள் பூராவும் காபி குடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

படி 3: நீங்கள் எந்த ரகம்?

பத்து நாள் நோட்டைப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும்.

முதல் ரகம் என் அக்கா. குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று நினைத்திருந்தீர்கள், அளந்து பார்த்தால் அப்படி இல்லை. உங்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதி தேவையில்லை. எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், போதும். அக்கா வேறு எதையும் மாற்றவில்லை. எண்ணெய் டீஸ்பூனுக்கு வந்தது, வேர்க்கடலை வாரத்துக்கு மூன்று நாள் ஆனது, நாலு மணிக் காபியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எடை மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

இரண்டாவது ரகம் நான். திங்கள் முதல் வெள்ளி வரை என் நோட்டில் 1,250. பெருமையாக இருந்தது. சனிக்கிழமை 2,600, ஞாயிற்றுக்கிழமை 3,000. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பிரியாணி வாசனை மூளைக்குள் வந்துவிடும். ஐந்து நாள் வயிற்றைக் காயப்போட்டவனுக்கு ஒரு பிளேட் போதாது. அதற்கு மேல் மிக்சர், அதற்கு மேல் ஐஸ்கிரீம். வாரக் கூட்டல் 11,850. ஏழால் வகுத்தால் நாளுக்கு 1,690 வருகிறது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. டயட் தொடங்கியபோது போன் காட்டிய நடை நாளுக்கு 9,000 அடி. ஏழாம் மாதம் அது 5,000-க்கு வந்திருந்தது. மாடி ஏறுவதற்குப் பதில் லிஃப்ட், கடைக்கு நடப்பதற்குப் பதில் வண்டி. நானாக முடிவெடுத்துக் குறைக்கவில்லை. உடம்பு தானே சிக்கனத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது ரகம் குறைவு. நிஜமாகவே எல்லா நாளும் குறைவாகச் சாப்பிட்டு, பல மாதம் விடாமல் இழுத்துக்கொண்டு போகிறவர்கள். தூக்கம் கெடும், கை கால் குளிரும், உடற்பயிற்சியில் போன மாதம் தூக்கிய எடை இந்த மாதம் வராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். இரண்டாவது, மூன்றாவது ரகத்துக்குத்தான் கீழே வருகிற படிகள்.

கூட்டினால் ஏன் இறங்குகிறது?

இதற்கு யூடியூபில் ஒரே பதில்தான் கிடைக்கும்: 'மெட்டபாலிசம் அடிவாங்கியிருக்கிறது, கூட்டிச் சாப்பிட்டால் ரீசெட் ஆகும்.' எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

உடம்பு சிக்கனமாகிறது என்பது உண்மை. 1944-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போருக்குப் பிறகு பட்டினியில் கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வதற்காக நடந்த ஆய்வு அது. நாளுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு, வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் கால்வாசி போனது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றல் சுமார் 40 சதவீதம் விழுந்தது. அதில் பெரும் பங்கு உடம்பு சிறுத்ததால். மீதி, இருக்கிற உடம்பே கையை இறுக்கியதால். கால்கள் வீங்கின. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆனது. இதில் அந்த வீக்கத்தைக் கவனியுங்கள். கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்தது.

நம் டயட் அந்த அளவுக்குப் போவதில்லை. என்றாலும் அதே நாலு விஷயம் சிறிய அளவில் நடக்கிறது. உடம்பு சிறுத்திருப்பதால் செலவு குறைகிறது. 84 கிலோவைச் சுமந்து நடப்பதற்கும் 76-ஐச் சுமப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதால் பசி கூடுகிறது. நமக்கே தெரியாமல் அசைவு குறைகிறது. தண்ணீர் தேங்கி, நடந்த இழப்பை மறைக்கிறது.

கொஞ்ச நாள் போதுமான அளவு சாப்பிட்டால் இந்த நாலில் முதலாவது மாறாது. மற்ற மூன்றும் ஓரளவு தளரும். பசி அடங்குவதால் வார இறுதியில் கட்டவிழ்ந்து போகாது. கால் தானாக நடக்கும். தேங்கிய தண்ணீர் சிலருக்கு வடியும். எனக்கு நடந்ததும் இதுதான். வார நாளில் கூட்டினேன், மொத்த வாரத்தில் குறைந்தது. இதில் மாயம் எதுவும் இல்லை.

'ரீசெட்' கதையை நான் நம்பாததற்கு இன்னொரு காரணம்: 2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் உடம்பின் ஓய்வுநேரச் செலவு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. திரும்பச் சாப்பிட்டதால் மட்டும் அது மீளவில்லை.

படி 4: உங்கள் நிலை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்க ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? ஜிம்மில் மெயின்டனன்ஸ் என்பார்கள். நான் நிலை எண் என்கிறேன்.

மிஃப்ளின் சமன்பாடு என்று ஒன்று 1990 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எடையை 10-ஆல் பெருக்குங்கள். சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். எனக்கு 76 கிலோ, 168 சென்டிமீட்டர், வயது 41: 760 + 1,050 − 205 + 5 = 1,610. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர் இதை 1.2-ஆல் பெருக்க வேண்டும். ஓரளவு நடப்பவர் 1.375-ஆல். எனக்கு 1,930-லிருந்து 2,210 வரை வந்தது.

இது காகிதக் கணக்கு. உங்கள் நோட்டில் இருக்கும் வாரச் சராசரிதான் நிஜக் கணக்கு, ஏனென்றால் எடை நிற்கிறது என்றாலே அந்தச் சராசரிதான் இப்போதைய நிலை எண். எனக்கு அது 1,690. மாதக் கணக்கில் இழுத்து, அசைவும் குறைந்து போனவனுடைய எண் அது. இரண்டுக்கும் நடுவில், காகித எண்ணின் கீழ்ப்பக்கமாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் 2,000 என்று வைத்துக்கொண்டேன்.

படி 5: இரண்டு வாரம், எல்லா நாளும் ஒரே அளவு

வார நாளில் 1,250 சாப்பிட்டவன் மறுநாளே 2,000-க்குத் தாவலாமா? தாவலாம், ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் வயிறு உப்பும், மனசு பதறும். மூன்று நாளுக்கு ஒரு முறை 200-250 கூட்டிக்கொண்டே போய், இலக்கைத் தொட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் எண்ணுங்கள். வாரத்துக்கு 50, 50 என்று மூன்று மாதம் இழுக்கும் முறை ஒன்றும் ஜிம் வட்டாரத்தில் ஓடுகிறது. அவ்வளவு மெதுவாகப் போவதில் எனக்கு லாபம் தெரியவில்லை. அந்த மூன்று மாதமும் பசிதான் மிச்சம்.

எதைக் கூட்டுவது? பெரும்பகுதி சோறு, இட்லி, கிழங்கு, பழம், சுண்டல் போன்ற மாவுச்சத்தாக இருக்கட்டும். உடற்பயிற்சியில் தெம்பு திரும்புவதும் அதனால்தான். புரதத்தைக் குறைக்காதீர்கள். எடை கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வந்தால் நல்லது. நம் வீட்டுச் சாப்பாட்டில் இது தானாக வராது. முட்டை, மீன், கோழி, தயிர், பனீர், பருப்பு, சோயா என்று வேளைக்கு ஒன்றாவது வேண்டும். என் கூட்டல் எளிமையானது. காலையில் இரண்டு இட்லி கூட, சுமார் 120. மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கிராமுக்கு 160. மதியம் ஒரு கரண்டி சோறு கூட, 100 கிராமுக்கு 130. இதுவே 410. மீதி 340-க்கு ராத்திரி சப்பாத்தி இரண்டும் ஒரு முட்டையும் திரும்பி வந்தன. நிறுத்தியிருந்த மாலைக் காபியும் வந்தது. அந்த முதல் நாள் காபியின் ருசியை இன்னும் மறக்கவில்லை.

பொரித்ததில் கூட்டினால் என்ன? கலோரிக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் மிக்சர் 100 கிராமில் 500-க்கு மேல் இருக்கும். கை விட்டு எடுத்தால் 100 கிராமில் யார் நிறுத்துகிறார்கள்?

முக்கியமான விதி: சனி ஞாயிறுக்குத் தனிக் கணக்கு கிடையாது. அன்றும் 2,000-தான். முதல் சனிக்கிழமை பிரியாணிக் கடைக்குப் போனேன். ஒரு பிளேட்டில் முக்கால் சாப்பிட்டதும் கை நின்றது. வீராப்பு எதுவும் இல்லை, பசி அடங்கிவிட்டது. கட்டச் சொல்லி வாங்கி வந்தேன். என் வாழ்க்கையில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை.

படி 6: மிஷின் ஏறும். ஓடாதீர்கள்

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் திரும்பி ஓடும் இடம் இதுதான். கூட்டிய நாலாம் நாள் என் எடை 77.6. ஒரு கிலோ இருநூறு கிராம் கூட. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு "நான்தான் சொன்னேனே" என்றாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. 1.2 கிலோ கொழுப்பு சேர வேண்டும் என்றால் உடம்பின் செலவுக்கு மேல் 9,240 கலோரி போயிருக்க வேண்டும். நாலு நாளில் நான் சாப்பிட்ட மொத்தமே 8,000-ஐத் தாண்டவில்லை. அப்படியானால் ஏறியது என்ன? மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்கிறது. 250 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினாலே ஒரு கிலோ ஆகிவிடும். அதோடு கூடுதல் உணவில் வந்த உப்பு, குடலில் நடந்துகொண்டிருக்கும் சாப்பாட்டின் எடை.

சாதாரணமாக ஏற்றம் முதல் வாரத்தோடு நின்றுவிடும். எனக்கு இரண்டு வார முடிவில் 77.1. இரண்டாம் வாரத்திலும் சராசரி அரைக் கிலோவுக்கு மேல் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் எடுத்த நிலை எண் பெரிது, 150 குறையுங்கள். மிஷின் பயமாக இருந்தால் இந்த இரண்டு வாரம் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு டேப்பை மட்டும் நம்பலாம்.

படி 7: வந்த தெம்பைச் செலவழியுங்கள்

இரண்டு வாரத்தில் என் நடை 5,000 அடியிலிருந்து 9,000-க்குத் திரும்பியது. பாதி தானாக, பாதி வேண்டுமென்றே. மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 16 பேருக்கு எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கொழுப்பு அரைக் கிலோ கூட ஏறவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் உடற்பயிற்சி அல்லாத சாதாரண அசைவு: எழுவது, நடப்பது, கை காலை ஆட்டுவது. சாப்பிட்டதும் உடம்பு தானே துள்ளும் என்று எல்லோரும் நம்பிவிட முடியாது. அதனால் அடிகளை எண்ணுங்கள்.

வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். ஜிம்மோ வீட்டிலேயே தண்டாலோ பஸ்கியோ எதுவானாலும் சரி.

படி 8: திரும்ப இறங்குதல்

இரண்டு வாரம் முடிந்தது. பழைய 1,250-க்குத் திரும்பினால் பழைய கதைதான். நிலை எண்ணிலிருந்து 300 முதல் 500 வரை மட்டும் குறையுங்கள். எனக்கு 1,650, ஏழு நாளும். போன தடவையின் வாரச் சராசரியைவிட இது நாளுக்கு 40 கலோரிதான் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? ஆனால் இப்போது நடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டு வாரத்தில் 77.1-லிருந்து 73.1. முதல் பத்து நாளில் போன முக்கால் கிலோ தண்ணீர். மீதி வாரத்துக்குச் சுமார் 400 கிராம் வீதம் போனது.

இந்த இடைவெளியை எத்தனை தடவை எடுக்கலாம்? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த மேட்டடோர் ஆய்வு 2017-ல் வந்தது. பருமனான 51 ஆண்களில் ஒரு பிரிவு 16 வாரம் விடாமல் டயட் இருந்தது. இன்னொரு பிரிவு இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் நிலை எண் என்று மாற்றி மாற்றி 30 வாரத்தில் அதே 16 வார டயட்டை முடித்தது. விட்டு விட்டு இருந்தவர்களுக்குச் சராசரியாக 14.1 கிலோ குறைந்தது. விடாமல் இருந்தவர்களுக்கு 9.1. ஆனால் 2021-ல் ஆஸ்திரேலியாவிலேயே, பளுப் பயிற்சி செய்யும் 61 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் கொழுப்புக் குறைவில் வித்தியாசமே இல்லை. இடைவெளி விட்டவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது, அவ்வளவுதான். பசி குறைவாக இருப்பதே பெரிய விஷயம் என்பது என் கட்சி. எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து எடை அசையவில்லை என்றால் இன்னொரு தடவை பத்து நாள் அளந்து எழுதுங்கள். அளவு மெல்ல மெல்லக் கைநழுவியிருக்கும். அதுவும் சரியாக இருந்தால் டேப்பைப் பாருங்கள். இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே வந்து, ரத்தப் பரிசோதனை எண்களும் நன்றாக இருந்தால், இன்னும் மூன்று கிலோ எதற்கு என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

என் இரண்டாவது இடைவெளியைத் தீபாவளியோடு சேர்த்து வைத்தேன். எப்படியும் சாப்பிடத்தானே போகிறோம், கணக்கில் வைத்தே சாப்பிடலாம் என்றுதான். அக்கா டப்பா நிறைய முறுக்கு அனுப்பியிருந்தாள். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'ஒன்று 18 கிராம்.' இரண்டு வாரம் 2,000-ல் இருந்துவிட்டு ஒரு திங்கட்கிழமை 1,650-க்குத் திரும்பினேன். அன்று மிஷினில் ஏறவில்லை. வியாழக்கிழமை ஏறினேன்.